இலைக்கடையில் ஒரு தாள்

தச்சநல்லூரில் வாழை இலைக்கடை எது என்று கேட்டால், சின்னப்பிள்ளைகூட வன்னியராஜ் கடையைத்தான் கைகாட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தலையில் இலைக்கட்டு சுமந்து தொடங்கி, இன்று நாலு கல்யாண மண்டபங்களுக்கு இலை கொடுக்கிறவர். இந்த அறுபத்தெட்டு வயதுவரை எந்த முடிவுக்கும் இன்னொருத்தர் வாயைப் பார்த்ததில்லை. அதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சொன்னால் என்ன, உண்மைதானே!

காலை வியாபாரம் ஓய்ந்த நேரம், சுகன்யா என்ற கல்லூரி மாணவி தாளும் பேனாவுமாக வந்தாள். கருவிலேயே பிள்ளையின் மரபணுவைத் திருத்த அரசாங்கம் அனுமதிக்கலாமா, கட்டுப்பாடு வேண்டுமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். வீட்டுக்கு ஒரு தாள்.

“மரபணுன்னா தெரியுமா அண்ணாச்சி?”

“தெரியாம என்ன? அப்பன் மூக்கு பிள்ளைக்கு வருதுல்லா, அதானே! தாராளமா திருத்தட்டும். ஆயிரம் இலையில ஒரு கிழிசல் இருந்தாலும் நான் தொட்டே சொல்லிருவேன். கிழிசல யாரு பந்தியில போடுவா?”

பின்னால் இலை அடுக்கிக்கொண்டிருந்த மகள் இசக்கிச்செல்வி நிமிரவில்லை. அவளுக்கு இது நாலாம் மாதம். காலடியில் ஐந்து வயது மகள், காதுக்குப் பின்னால் கருவியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை.

“யாரு முடிவெடுக்கணும்? அரசாங்கமா, டாக்டரா, பெத்தவங்களா?”

“வீட்டுக்குப் பெரியவன். அப்படியே எழுதும்மா.”

“போன தடவையும் நீங்கதானப்பா எடுத்திய” என்றாள் இசக்கிச்செல்வி, பைய.

வன்னியராஜுக்குச் சுருக்கென்றது. சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று, அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழுதும், தன் அக்கா மகன் மணிராஜுக்குக் கட்டிவைத்தவர் அவர்தான். பேத்தியின் காதுக்குறை தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வந்திருக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியபோது, பாதியில் எழுந்து வந்தவரும் அவர்தான்.

“வயித்துல இருக்க பிள்ளைக்கும் வரலாம்னு சொல்லியிருக்காவ” என்றாள் இசக்கிச்செல்வி.

“அதுக்குத்தானே திருத்தட்டும்னு சொல்லுதேன்!”

“நோய்க்குன்னா சரி. ஆனா சட்டம் வேணும். இன்னைக்குக் காதும்பிய, நாளைக்கு நெறம்பிய, அப்புறம் பொம்பளப்பிள்ளையே வேண்டாம்பிய. வீட்டுக்கு வீடு ஒரு பெரியவரு இருப்பாருல்லா?”

சுகன்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். பேத்தி ஓர் இலைத்துண்டைத் தாத்தா மடியில் வைத்துவிட்டுப் போனாள். நல்ல நீளக் கிழிசல் அதில். அதைத் தூக்கி எறிய அவருக்குக் கை எழவில்லை.

“பெரியவன்னு எழுதினியே, அத அடிச்சிரு. இவ சொல்லுதத எழுது.”

“மேல உங்க பேரு இருக்கே அண்ணாச்சி.”

“அதையும் அடி.”

சுகன்யா தாளில் பெயரை மாற்றி எழுதிவிட்டு இசக்கிச்செல்வி பக்கம் திரும்பினாள். “உங்க பிள்ளைக்குன்னா செய்வீங்களா அக்கா?”

இசக்கிச்செல்வி வயிற்றில் கை வைத்தபடி மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வன்னியராஜின் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, மகள் வாயையே பார்த்தார்.