ஜோடிப் படத்தில் நின்ற கொழுந்தியாள்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, மலையில் ஏலக்காய்த் தோட்டம், கோவையில் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு பேரைப் பார்த்துக்கொண்ட வேலை என்று சுற்றிவிட்டு மதுரைக்கு வந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. விளாங்குடியில் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டில், ஆறு மாதம்தான் இருப்பேன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். ஆறாவது மாதத்தில் அவர் இறந்துபோனார். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த அவர் மனைவியையும் என்னையும் விட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன்.

அவர்களுக்கு ஒரே மகள். மஸ்கட்டில் நர்ஸ். காரியம் முடிந்து திரும்பிப் போன பிறகு போனில் பேசினார். "அப்பா பென்ஷன் நின்னுபோச்சு. அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வந்தா நீங்க இருக்கலாம், வீடும் இருக்கும். மூணு மாசம் பாக்குறேன். வரலைன்னா அம்மாவை ஒரு முதியோர் இல்லத்துல சேர்க்கிறதைத் தவிர வழி தெரியலை."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பெரியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லத்துல காப்பி தண்ணியா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பென்ஷன் படிவங்களை நிரப்பிக்கொண்டு பேங்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் பழைய கோப்பைப் பிரித்து ஒரு ஜோடிப் படத்தைக் காட்டினார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுமுன் மனைவியோடு படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். கணவன் போன பிறகு அந்த முகத்துக்குத்தான் பென்ஷன். படத்தில் பட்டாளத்துக்காரர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூர்மோவாயும் கொடியிடையுமாக ஒரு பெண் நின்றாள். நான் கொண்டுபோன ஆதார் அட்டையில் உருண்டை முகம், மூக்கோரம் மிளகு மாதிரி ஒரு மச்சம்.

"வயசானா முகம் மாறும்மா, ஒத்துக்கிறேன். மச்சம் நடுவுல வந்து ஒட்டுமா?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"அது என் தங்கச்சிடி."

"தங்கச்சி எதுக்கு அங்க போயி நின்னாங்க?"

"நான் நிறைமாசம். வயித்துப்புள்ளையோட போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு எங்க மாமியா வாசல் தாண்ட விடலை. இவருக்கு லீவு முடியப் போகுது. ஆபீசுல யாரு மூஞ்சியைப் பாக்கப் போறான்னு தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. என் பட்டுச்சேலையைத்தான் கட்டிக்கிட்டுப் போனா. திருப்பிக் குடுக்கலை."

நாற்பது வருடத்துக்குப் பின்னும் அவருக்குச் சேலைதான் குறையாக இருந்தது.

அந்தத் தங்கச்சி திருப்பரங்குன்றத்தில் இருந்தார். அவர் கணவருக்குச் சைக்கிள் உதிரிபாகக் கடை. அவர்கள் எனக்குச் சின்னம்மா, சித்தப்பா ஆனார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் பெரியம்மாவோடு உட்கார வைத்துவிட்டுப் போய், இருவரையும் கூட்டிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். சின்னம்மாவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மோவாய் அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் பெருத்திருந்தது.

அங்கிருந்த அதிகாரி கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். பேங்கிலிருந்து வரவழைத்திருந்த படத்தை மேசையில் வைத்தார்.

"இது யாரும்மா?"

"நாந்தான்" என்றார் சின்னம்மா, பெருமையாக.

"அப்ப சட்டப்படி பென்ஷன் உங்களுக்குத்தான் வரணும்."

"வாங்கிக்க" என்றார் பின்னாலிருந்து சித்தப்பா. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லை சார்."

"நீங்க யாரு?"

"இவ புருஷன். படத்துல இல்லாதவன்."

அதிகாரி சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பேசினார். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா அக்கா தங்கச்சி ரெண்டு பேரு சேர்ந்துக்கிட்டு, படத்துல இருக்கிறவ பொண்டாட்டி இல்லை, வீட்டுல இருக்கிறவதான் பொண்டாட்டின்னு சொன்னா நான் எதை வச்சு எழுதுறது? நாளைக்கு எவ வேணாலும் வருவால்ல?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மேசையில் கிடந்த படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் வேலை பார்த்த இடங்களில் நிறைமாதத்துக்காரிகளும் உண்டு. தோட்டத்தில் ஒருத்திக்கு லாரியிலேயே பிரசவம் பார்த்திருக்கிறோம். எனக்கு எழுத்தைவிட வயிறு நன்றாகப் படிக்கத் தெரியும்.

"சார், பெரியம்மா மக பொறந்த தேதி உங்க புத்தகத்துல இருக்குமா?"

"ராணுவத்துல குடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்துல இருக்கும்."

"படத்துக்குப் பின்னாடி ஸ்டூடியோ சீல்ல ஒரு தேதி இருக்கு. ரெண்டையும் பாருங்க."

பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "படம் எடுத்துப் பன்னிரண்டாம் நாள் குழந்தை பொறந்திருக்கு."

"பன்னிரண்டு நாள்ல புள்ளை பெறப் போறவளோட இடுப்பா சார் இது?"

அதிகாரி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சின்னம்மா எதிரில் உட்கார்ந்திருப்பது நினைவு வந்தது போலிருக்கிறது, சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

"அப்ப இருந்துச்சு சார், இடுப்பு" என்றார் சித்தப்பா.

"வீட்டுக்கு வாங்க" என்றார் சின்னம்மா, அவரை முறைத்து.

அதன்பிறகு வேலை நடந்தது. சின்னம்மா எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தார். குழந்தை பிறந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பழைய பதிவேட்டைத் தேடி நகல் வாங்கினோம். பட்டாளத்துக்காரரோடு வேலை பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி எல்லாவற்றையும் கட்டி மேலே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "பென்ஷன் வந்தா மருத்துவ அட்டையும் வரும். ஆஸ்பத்திரிச் செலவை அது பாத்துக்கும். ஆனா வீட்டுல தூக்கி உட்கார வைக்க ஆளுக்குன்னு அந்தம்மாவுக்குத் திட்டம் ஒண்ணும் இல்லைம்மா."

"அந்தத் திட்டம் நான்தான் சார்" என்றேன்.

பதில் வரத் தாமதமானது. மகள் சொன்ன மூன்று மாதம் முடிந்தது. போன் செய்தபோது பெரியம்மாவே வாங்கிப் பேசினார். "நீ வயித்துக்குள்ள இருந்ததைச் சாட்சியா எழுதி அனுப்பியிருக்குடி. பதில் வர்ற வரைக்கும் பொறு." அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று கேட்டது. மகள் பொறுத்துக்கொண்டார். எனக்கு அந்த மாதங்களில் சம்பளம் இல்லை, சோறு இருந்தது. திருப்பூரில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கம்பெனியே இல்லை. அதற்கு இது எவ்வளவோ மேல். பெட்டியை இரண்டு தடவை கட்டினேன். இரண்டு தடவையும் பெரியம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் வந்துவிட்டது.

வெயில் ஏறத் தொடங்கியபோது கடிதம் வந்தது. ஒத்துக்கொண்டுவிட்டார்கள். புதிதாக ஒரு படம் மட்டும் வேண்டுமாம், பெரியம்மாவே இருக்கிற படம்.

ஆட்டோவில் தூக்கி வைத்து, கோரிப்பாளையத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். சின்னம்மாவும் வந்திருந்தார். வழியெல்லாம் பெரியம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

"போட்டோ எடுத்தா எம்புட்டுக் குறையும்?"

"எது?"

"ஆயுசுதான்."

"அன்னைக்கு எடுக்காம சேத்து வச்சீங்கள்ல, அதுல கழிச்சுக்குவாங்க" என்றேன்.

ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு, வெளிச்சம் பார்க்க யாராவது உட்காருங்கள் என்றார். நாங்கள் திரும்புவதற்குள் சின்னம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எந்திரிடி" என்றார் பெரியம்மா. "ஒரு தடவை போய் நின்னது போதும்."

சின்னம்மா எழுந்துகொண்டார். நான் பெரியம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, சரியாமலிருக்க முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து நின்றேன். ஸ்டூடியோக்காரர் காமிராவில் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"அக்கா, உங்க விரல் தோள்கிட்ட தெரியுது. கையை எடுங்க."

"எடுத்தா விழுந்துருவாங்க."

"அப்ப கொஞ்சம் இறக்கிப் பிடிங்க."

இறக்கிப் பிடித்தேன். பெரியம்மா காமிராவை நேராகப் பார்த்தார்.

"நல்லா பாத்து எடுங்க தம்பி" என்றார். "இவ விரலு விழுந்துச்சுன்னா, இது யாரு விரலுன்னு கேப்பாங்க. இன்னொரு தடவை வயித்துல இருந்து சாட்சி சொல்ல என் மகளால முடியாது."