எங்கள் படத்தில் செத்துப்போனவர்

எங்கள் குழுவுக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று நாங்களேதான் சொல்லிக்கொண்டோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் கூடிப் பேசுவோம், கைப்பேசியில் எடுப்போம். எல்லாம் குறும்படங்கள். வார இறுதிகளில் புரொஜெக்டரைக் காரில் போட்டுக்கொண்டு, சாலாக் செலாத்தான், பெட்டாலிங் ஜெயா என்று அடுக்குமாடி வீடுகளைத் தேடிப் போய்க் காட்டுவோம். திரை என் வீட்டுப் படுக்கை விரிப்பு. அதைத் தேய்க்காமல் கட்டினால் கதாநாயகிக்கு முகமெல்லாம் சுருக்கம் விழுந்துவிடும். அதனால் இஸ்திரிப் பெட்டியும் எங்களோடு ஊர் சுற்றும்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. படத்துக்கென்று எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. யார் வீட்டில் எடுக்கிறோமோ, அந்த வீட்டில் இருப்பதுதான் படத்திலும் இருக்கும்.

கணவனை இழந்த ஒருத்தி அவன் சட்டைகளை மடித்து வைக்கிறாள். அவ்வளவுதான் அந்தக் கதை. போர்ட் கிள்ளானில் காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் அக்கா ஒருவர் நடித்தார். அவர் வீட்டிலேயே எடுத்தோம். அதற்கு முன் அவர் எதிலும் நடித்ததில்லை. கேமரா முன்னால் நின்றாரோ இல்லையோ, எங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். "இத்தன வயசுக்கு அப்புறம் எனக்குன்னு ஒண்ணு கெடச்சிருக்கு தங்கச்சி, இத வுட மாட்டேன்" என்றார்.

இறந்தவருக்கு மாலை போட்ட புகைப்படம் வேண்டியிருந்தது. எங்கள் குழுவின் ஆண்கள் எல்லோரும் பெரிய முற்போக்குவாதிகள். இதற்கு மட்டும் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்து அவர்களிடம் போட்டோ கேட்டதும் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த தன் கணவர் படத்தைக் கழற்றி, மாலை போட்டு, பொட்டும் வைத்துவிட்டார். உயிரோடு இருக்கிற மனிதருக்கு!

அந்த அண்ணன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். நல்ல மனிதர், ஆனால் பூனை குறுக்கே போனால் லோரியையே திருப்பிவிடுவார். "அவரு எங்க பாக்கப் போறாரு? எப்பவும் ஷிப்டு லா. தெரிஞ்சா இதோட என் நடிப்பு முடிஞ்சிச்சு" என்றார் அக்கா.

அந்தப் படத்தை அக்காவின் அடுக்குமாடி மண்டபத்தில் திரையிட்ட அன்று பார்த்து, அண்ணனுக்கு ஷிப்டு மாறிவிட்டது. சீருடையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார், கையில் கடலைப் பொட்டலம். "என் பொண்டாட்டி நடிச்ச படம், நான் பாக்காம?" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமை வேறு.

அக்கா என் கையைப் பிடித்தார். "வேற படம் போடு தங்கச்சி, இது வேணா." எப்படிப் போடுவது? மண்டபம் முழுக்க "ஆன்டி படம்! ஆன்டி படம்!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். வருவது வரட்டும் என்று பொத்தானை அமுக்கினேன்.

என் படுக்கை விரிப்பு முழுக்க அண்ணனின் முகம், மாலையோடு. பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, எப்ப போனீங்க? சொல்லவே இல்ல!" என்றார்கள். கூரை பிய்ந்துகொள்ளும்படி சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திரையில் அக்கா அவருடைய சட்டையையே எடுத்து, முகத்தில் வைத்து மோந்து பார்த்து அழுதார். சிரிப்பு தானாக அடங்கியது. அண்ணன் கடலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

படம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "யாரக் கேட்டு தங்கச்சி என்னைக் கொன்னீங்க?" நான் புரொஜெக்டர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். "செத்ததுதான் செத்தேன். முன்னால நான் உசுரோட வர்ற மாதிரி ஒரு சீன் வெச்சிருக்கலாம்ல?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுபடியும் ஒரே சிரிப்பு. அவர் அக்காவிடம் திரும்பி, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வெங்காயம் வெச்சாங்களா?" என்று கேட்டார்.

"வெங்காயம் எதுக்கு? ஒங்க போட்டோவப் பாத்தேன், வந்திருச்சு."

அண்ணன் மிச்சக் கடலைப் பொட்டலத்தை அக்கா கையில் கொடுத்தார். "அடுத்த படம் எப்பன்னு சொல்லுங்க, நானே இவளக் கொண்டாந்து வுடறேன்" என்றார் என்னிடம். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "ஆனா, இவ சாகற மாதிரி மட்டும் கதை வேணா தங்கச்சி. அத என்னால உக்காந்து பாக்க முடியாது."