கெட்டி அண்ணனும் தண்ணி ஆயிலும்

கெட்டி அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஓட்டுநர் உரிமத்தோடு நின்றுவிட்டது. தெருவில் யாரைக் கேட்டாலும் கெட்டி அண்ணன் என்றால்தான் தெரியும். எந்த வண்டிக்கு எந்த நோவு வந்தாலும் அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ஆயிலைக் கெட்டியா ஊத்து, எல்லாம் சரியாப் போயிடும்." புகை வருகிறதா, கெட்டியாக ஊற்று. இழுக்கவில்லையா, கெட்டியாக ஊற்று. ஒருமுறை எதிர்வீட்டு சலூன்காரரின் ஸ்கூட்டரில் பெட்ரோலே இல்லை. அதற்கும் இதையேதான் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது. இளவயதில் சலவைக் கம்பெனி வேன் ஓட்டினார். ஆஸ்பத்திரி, லாட்ஜ் என்று அழுக்குத் துணியை அள்ளிவந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. எவனோ ஒரு புண்ணியவான் அந்த வேனில் மட்டமான தண்ணி ஆயிலை ஊற்றிவிட, நடு மேட்டில் இன்ஜின் இறுகிப்போய் நின்றுவிட்டது. உள்ளே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், வெளியே அடைமழை. முதலாளி அன்றைக்குப் பேசிய பேச்சை அண்ணன் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மறுநாளே கெட்டி ஆயிலுக்கு மாறினார். பிறகு அந்தக் கிழட்டு வேன் அவர் ஓய்வு பெறும்வரை மூச்சு விடாமல் ஓடியது. அதோடு அவருக்கு உலகம் தெளிவாகிவிட்டது. கெட்டி என்றால் நல்லது, தண்ணி என்றால் ஏமாற்று.

அவர் சோதனை போடுவதே தனி அழகு. இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனியில் நிற்கும் சொட்டைக் கட்டைவிரலில் வாங்கி, ஆட்காட்டி விரலால் தேய்த்து, மெல்லப் பிரிப்பார். இரண்டு விரலுக்கும் நடுவில் நூல் இழுத்தால் தேறியது. இழுக்காவிட்டால் வண்டிக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கை விட்டாலும் விடுவார்கள், கெட்டி அண்ணனின் விரலை விடமாட்டார்கள்.

இப்படிப்பட்டவரின் மகள் புதுக் கார் வாங்கினால் என்ன ஆகும்? அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு, எழுந்து நடமாட முடியாத நோயாளிகளின் வீடு தேடிப்போய் உடற்பயிற்சி கொடுக்கும் வேலை. ஊருக்கு வெளியே மலைப்பாதையில்கூடத் தனியாக ஓட்டிப்போவாள். வண்டி நடுவழியில் நின்றால், காத்திருக்கும் நோயாளிக்கு அன்றைய நாள் போனது போனதுதான். ஆயில் மாற்றும் சமயம் வந்ததும் கம்பெனி சர்வீஸுக்கு விடட்டுமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"கம்பெனிக்காரனா உன்னைப் பெத்தான்?" என்றார் அண்ணன்.

அவரே பையை எடுத்துக்கொண்டு ஆயில் கடைக்குப் போனார். கடையை நடத்துகிற அம்மா வண்டியின் பெயரைக் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அண்ணன் திறந்து காட்டச் சொன்னார். சொட்டு விட்டு, தேய்த்து, பிரித்தார். நூலாவது, நாராவது. விரல் கழுவியதுபோல் இருந்தது.

"என்னம்மா இது, தண்ணி மாதிரி ஓடுது?"

"அந்த வண்டிக்கு அதுதாங்க. சைபர் டபிள்யூ இருபது, நம்பர் குறையக் குறைய ஆயில் இளசா இருக்கும். வண்டியோட வந்த புத்தகத்துலயும் அதான் போட்டிருப்பான்."

"சைபர்னு அவனே எழுதி விக்கிறான், உள்ள ஒண்ணும் இல்லைன்னு அவனே ஒத்துக்கிறான். எனக்கு இருபது டபிள்யூ ஐம்பது குடுங்க. அதுல இருபதும் இருக்கு, ஐம்பதும் இருக்கு."

கடைக்கார அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "புது இன்ஜின்ல இடுக்கெல்லாம் ரொம்பக் குறுகல்ங்க. கெட்டி ஆயில் அங்கெல்லாம் போய்ச் சேர நேரமாகும். அதுக்குள்ள காலையில ஸ்டார்ட் பண்ணும்போது இரும்பும் இரும்பும் உரசும். தெரிஞ்சே அந்த வண்டிக்கு நான் அதைத் தரமாட்டேன்."

"அப்போ என் வேனுக்குக் குடுங்க."

"உங்களுக்கு ஏதுங்க வேன்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் விருட்டென்று வெளியே வந்தார். நாலு தெரு தள்ளி, எதையும் கேட்காமல் விற்கிற கடை ஒன்று இருந்தது. ஊருக்கு ஒன்று அப்படி எப்போதும் இருக்கும். கெட்டி ஆயில் டப்பாவோடு வீடு வந்து, அதை மனைவியின் தையல் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மனைவி வீட்டிலேயே தையல் கடை போட்டிருப்பவர். மூட்டையில் ஓர் ஊசி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். டப்பாவையும் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

விடுமுறை நாளில் வாசலில் வைபவம் தொடங்கியது. வண்டியின் முன்பக்கத்தைப் பலகைமேல் ஏற்றி, பாயை விரித்து அடியில் புகுந்தார். சலூன்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து, நாடகம் பார்க்க வந்தவர்போல் திண்டில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அடித் திருகாணியைக் கழற்ற, பழைய ஆயில் சலசலவென்று தட்டில் இறங்கியது. வெளியே வந்து அதையும் தொட்டுப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, கம்பெனியிலேயே தண்ணியத்தான் ஊத்தி அனுப்பியிருக்கான். இத்தனை நாள் நீ பொழைச்சதே பெரிசு."

"அப்படியாப்பா?" என்றாள் மகள்.

ஃபில்டரை மாற்றினார், திருகாணியை முடுக்கினார், புனலைச் செருகினார், கெட்டி ஆயில் டப்பாவைத் திறந்தார். சலூன்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, ஆயில் ஊத்துற வாயோட மூடியில வேற என்னமோ நம்பர் போட்டிருக்கே" என்று எட்டிப் பார்த்தார்.

"மூடி செஞ்சவன் ஆயிரம் போடுவான். இன்ஜினுக்குள்ள போய்ப் பாத்தானா அவன்?"

சலூன்காரர் தேநீரைக் குடித்தார். அண்ணன் மகளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தார். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார். மேடு, மழை, படுக்கை விரிப்பு எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

"நீங்க சொன்னா சரியாத்தான்பா இருக்கும்" என்றாள் அவள். "ஊத்துங்க. நாளைக்கு மலைக்கு மேல ஒரு பேஷன்ட் இருக்காங்க, சீக்கிரம் கிளம்பணும்."

அண்ணன் டப்பாவைச் சாய்த்தார். ஆயில் அவசரப்படாமல் உருண்டு விளிம்புவரை வந்தது. அங்கே அவர் கை நின்றுவிட்டது.

எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு அவரிடம் என்றைக்கும் பதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவளுக்கு என்ன பதில் சொல்வது? பானெட்டுக்குள் பார்த்தார். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது. வேனின் இன்ஜினில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இதில் ஆயில் ஊற்றுகிற வாயைத் தவிர வேறொன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. இரும்பும் இரும்பும் உரசும் என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது. மலைப்பாதையில் மகள் ஓரமாக நிற்பது கண்ணில் தெரிந்தது. பயம்தான், வேறென்ன.

டப்பாவை நிமிர்த்திக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

சலூன்காரர் தேநீரை விழுங்க மறந்துபோனார். அந்தத் தெருவில் அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"புது இன்ஜின் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உன் வண்டியில ஊத்த எனக்கு மனசு வரலை."

சலூன்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அதே ஆயில் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, வேனுக்கா?"

"மக வண்டிக்கு. எது சரியோ அதைக் குடுங்க."

"அன்னைக்கே சொன்னேனே."

"அன்னைக்கு நான் கேக்க வரலைம்மா, சொல்ல வந்தேன்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவை எடுத்து வைத்தார். அண்ணன் திறந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஊற்றினார். அது தண்ணீர்போலவேதான் இறங்கியது. மகள் ஸ்டார்ட் செய்தாள். வண்டி முணுமுணுத்தது, ஒரு குறையும் இல்லை. சலூன்காரர் இந்தச் செய்தியைத் தெருவுக்குச் சொல்லும் அவசரத்தில் கோப்பையை விட்டுவிட்டே கிளம்பினார்.

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு ஒரு எண்ணம் குடைந்தது. துண்டை எடுத்தபடியே மகளிடம் கேட்டார்.

"ஏம்மா, நீ அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கியா?"

"வாங்கின அன்னைக்கே படிச்சிட்டேன்பா."

"அப்போ ஊத்துங்கன்னு ஏன் சொன்னே? நான் ஊத்தியிருந்தா?"

மகள் தரையைப் பார்த்தாள். "தெருமுனை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போய், அங்க இருக்கிற ஒர்க்ஷாப்ல மாத்தியிருப்பேன். சொல்லி வச்சிருந்தேன். தெருவுக்கு முன்னால உங்களை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலைப்பா."

அண்ணன் துண்டைத் தோளில் போட்டார். "இது யார் குடுத்த யோசனை?"

"நான்தான்" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. கூடவே ஆளும் வந்தார். "அதுல என்னங்க இருக்கு? என் தையல் மிஷினுக்கு மாசாமாசம் நீங்க வேன் ஆயில் விடலை? நீங்க அந்தப் பக்கம் போனதும் துடைச்சிட்டு மிஷின் ஆயில் விடுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான் ஓடுது."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது. இத்தனை வருஷம் தன்னைத் தலைகுனிய விடாமல் இரண்டு பேரும் சத்தமில்லாமல் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சொல்லிடுங்க. வேற எதையெல்லாம் இப்படி மாத்தி வச்சிருக்கீங்க?"

அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றார் மனைவி.