தொடக்கூடாத கோப்பையைத் தொட்டவர்

கனடாவில் எங்கள் ஊரான மர்ட்டில் கிராசிங்கில் கடவுளை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். பனித்தரை ஹாக்கி விஷயத்தில் மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஏப்ரலில் இறுதிச் சுற்றுகள் தொடங்கிவிட்டால் எங்கள் 'நீர்நாய்கள்' அணியில் ஒருவனும் முகம் மழிக்கமாட்டான். கோல்காப்பாளன், ஜெயித்த அன்று போட்டிருந்த காலுறையைத் துவைக்க விடமாட்டான். அரங்கத்தின் சிற்றுண்டிக் கடையில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, உடைமாற்றும் அறைக் கதவு எப்போது திறக்கிறது என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

இந்த நம்பிக்கைகளில் தலையாயது கோப்பையைப் பற்றியது. எங்கள் லீகில் இரண்டு கோப்பைகள். மேற்குப் பிரிவில் முதலாவதாக வந்தால் மேற்குக் கோப்பை. பிறகு கிழக்கில் ஜெயித்தவர்களோடு மோதி அவர்களையும் தோற்கடித்தால் பெரிய கோப்பை. மேற்குக் கோப்பையை ஜெயிக்கலாம், தொடக்கூடாது. தொட்டவனுக்குப் பெரியது கிடைக்காது. அதனால் பரிசளிப்பின்போது கேப்டன் வருவான், கையைப் பின்னால் கட்டிக்கொள்வான், பிடிக்காத மாமனாரோடு படம் எடுத்துக்கொள்பவனைப் போல நின்றுவிட்டுப் போய்விடுவான். வெள்ளிக் கோப்பை பனித்தரை நடுவே அநாதையாக நிற்கும்.

யாராவது அதை எடுத்தாக வேண்டுமே. எடுப்பவர் ஓரெஸ்ட்.

பார்வையாளர் படிகளுக்கு அடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து சறுக்குக் காலணிகளின் இரும்பு விளிம்பைத் தீட்டுவதுதான் ஓரெஸ்டின் வேலை. அணிக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், பாட்டுக்குச் சுழன்றாடும் சிறுமிகள் என்று ஊரே அவரிடம் ஸ்கேட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் மற்றவர்கள் பேசுவது அவருக்கு உயிர். சாணைச் சக்கரம் போடும் சத்தத்தில் ஒரு சொல்கூடக் காதில் விழாது. இருந்தாலும் சரியான இடத்தில் தலையாட்டுவார். ஊரில் பாதிப் பேர் தங்கள் குடும்ப ரகசியங்களைச் சொன்னது பாதிரியாரிடம் அல்ல, அந்தச் சக்கரத்திடம்தான்.

அவர் மேற்குக் கோப்பையைத் துண்டில் சுற்றித் தன் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். பெரிய தொடர் முடியும்வரை அதை அரங்கத்துக்குள் வைக்க ஆட்டக்காரர்கள் விடமாட்டார்கள். அவர் மனைவி ஐரீனுக்கு ஹாக்கியும் ஒன்றுதான், கொசுவும் ஒன்றுதான்.

"நல்ல அகலமான பாத்திரம்டி. பெரோகிக்கு மாவு பிசைஞ்சு இதுல மூடி வச்சா எவ்வளவு மெத்துன்னு வருது தெரியுமா?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்து வேகவைத்த அந்தப் பெரோகிக் கொழுக்கட்டைகளை அணிக்காரர்களும் தின்றார்கள். எதில் ஊறிய மாவு என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தொடர்ந்து மூன்று வருஷம் மேற்குக் கோப்பையை ஜெயித்தோம். மூன்று வருஷமும் பெரிய கோப்பையில் மண்ணைக் கவ்வினோம். எதிரணி நன்றாக ஆடியது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் ஊரில் அப்படிப் பேசுபவன் ஊரைக் காட்டிக்கொடுத்தவன். காரணம் வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் பல் மருத்துவர் ரெஜ். ஹாக்கி ஆடும் ஊரில் பல் மருத்துவருக்கு இருக்கும் மரியாதை மேயருக்குக் கிடையாது. என் கடை மேசையில், கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கை முன்னால் வைத்துக்கொண்டு அவர் விளக்கினார்.

"கோப்பையைத் தொடுற கை யார் கை? ஓரெஸ்ட் கை. அதே கையால எதைத் தீட்டுறாரு? பசங்க ஸ்கேட்டை. அப்புறம் எங்கய்யா பெரிய கோப்பை வரும்? தோஷம் கையிலேர்ந்து இரும்புக்கு, இரும்புலேர்ந்து காலுக்கு நேரா ஏறுது!"

"அப்ப மேற்குல மட்டும் எப்படி ஜெயிக்கிறோம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்ப அவர் இன்னும் தொட்டிருக்கமாட்டாரே!" என்றார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் என்னை மக்குப் பிண்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

இந்த வருஷம் நாலாவது முறையாக மேற்கில் ஜெயித்தோம். பரிசளிப்பு முடிந்து ஓரெஸ்ட் துண்டோடு கிளம்பியபோது பயிற்சியாளர் அவர் தோளைப் பிடித்தார்.

"இந்தத் தடவை தொட வேணாம் ஓரெஸ்ட். தப்பா நினைச்சுக்காதீங்க."

"அப்ப யாரு எடுக்கிறது?"

"யாரும் எடுக்க வேணாம். அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அது பாட்டுக்கு நின்றது. பனித்தரையை மெழுகும் வண்டிக்காரர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஓட்டினார். சிறுமிகள் அதைச் சுற்றி வட்டமடித்துப் பழகினார்கள். வண்டி ஊற்றிய தண்ணீர் அடியில் உறைந்து உறைந்து, ஒரு வாரத்தில் கோப்பை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. பெரிய தொடரின் முதல் ஆட்டம் எங்கள் அரங்கத்தில். லீகிலிருந்து பெரிய கோப்பையை வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கொண்டுவந்திருந்தார். அவரிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். இந்தக் கையுறை பெரிய கோப்பைக்கு மட்டும்தான், சின்னதைத் தொட எனக்கு உத்தரவில்லை என்று சொல்லிவிட்டார். பல் மருத்துவர் இடுக்கி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டே ஆடிவிடலாமா என்றுகூட ஒருவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு அணிகளும் உள்ளே காலணி மாட்டிக்கொண்டிருந்தன. ஓரெஸ்ட் என் கடைக்கு வந்தார்.

"டார்லீன், கெட்டில்ல வெந்நீர் இருக்கா?"

"இருக்கு. வேணாம் ஓரெஸ்ட். இவங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க."

"ஆட்டம் நடக்கணுமில்ல" என்றார்.

கெட்டிலோடு நடுத்தரைக்குப் போய், அடியில் வெந்நீரை ஊற்றி, வெறும் கையால் கோப்பையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அரங்கமே பார்த்தது. வாசலில் நின்ற பயிற்சியாளர் அவர் முகத்தைப் பார்க்காமலே, "தொடர் முடியறவரைக்கும் உள்ள வராதீங்க. ஸ்கேட்டெல்லாம் டாக்டர் பார்த்துப்பாரு" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். டாக்டர் மோசமாகத் தீட்டவில்லை. தீட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில், "ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க" என்று சொல்லிவிடுவார், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனாலும் தோற்றோம். எதிரணி நன்றாக ஆடியது.

பழி எங்கே போய் விழும் என்று சொல்ல வேண்டுமா? ஓரெஸ்டின் அறைக்கு ஆள் வருவது நின்றுபோனது. சின்னப் பிள்ளைகளின் ஸ்கேட்டைக்கூட அம்மாக்கள் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி அடுத்த ஊருக்கு எடுத்துப்போய்த் தீட்டிவந்தார்கள். அவர் தினமும் வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சக்கரத்தை வெறுமனே ஓட விடுவார். நான் என் கடையிலிருந்து பார்ப்பேன். தலையாட்டுவதற்குக்கூட ஒருவர் பேச்சும் இல்லாமல் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார்.

ஐரீன் ஒருநாள் கடைக்கு வந்து என்னிடம் கொட்டித் தீர்த்தாள். "அல்பெர்ட்டாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாங்கிறாருடி. அங்க போய் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, சும்மா இருப்பேங்கிறாரு. இந்த மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? ஒரே மாசத்துல செத்துப்போவாரு."

மே மாதம் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் அணியின் வருஷக் கடைசி விருந்து. ஓரெஸ்டும் ஐரீனும் வந்திருந்தார்கள். அவர்கள் மேசையில் என்னைத் தவிர ஒருவரும் உட்காரவில்லை. முட்டைக்கோஸ் சுருளைச் சாப்பிட்டு முடிக்கும் நேரம், கேப்டன் டேன் ஃப்ரீசன் எழுந்து கரண்டியால் கிளாஸைத் தட்டினான். நல்ல உயரம், கோணல் மூக்கு, அதிர்ந்து பேசத் தெரியாத பையன். வலது காலணியை முதலில் மாட்டிவிட்டால் கழற்றிவிட்டு இடதிலிருந்து தொடங்குகிறவன்.

"ஒண்ணு சொல்லணும். மேற்குக் கோப்பையை நான் தொட்டுட்டேன்."

பயிற்சியாளர் தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எப்படா?" என்றார் பயிற்சியாளர்.

"அது நடுவுல உறைஞ்சு நின்னுச்சுல்ல, அப்ப. பயிற்சி முடிஞ்சு எல்லாரும் குளிக்கப் போனப்புறம். ரெண்டு கையாலயும்."

"போன வருஷம்?" என்று எழுந்தார் பல் மருத்துவர்.

டேன் கொஞ்சம் தடுமாறினான். "போன வருஷமும்தான்."

"அதுக்கு முந்தி?"

"அப்பவும். எல்லா வருஷமும் நான்தான். முத்தம்கூடக் கொடுத்தேன்."

"ஏண்டா?" பல் மருத்துவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டேனுக்குப் பொய்யை இதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. "பளபளன்னு இருந்துச்சு" என்றான்.

போன வருஷங்களில் அந்தக் கோப்பை பனித்தரையிலிருந்து நேரே துண்டுக்குள்ளும், துண்டிலிருந்து ஐரீனின் அடுப்பங்கரைக்கும் போனது. டேன் அதை முத்தமிட்டிருந்தால் மாவைத்தான் முத்தமிட்டிருக்க முடியும். ஓரெஸ்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப்போனார். ஐரீன் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

"உக்காருங்க."

"அவன் பொய்—"

"உக்காருங்கங்கிறேன்!"

அன்றைக்கே ஊர் தலைகீழானது. மறுநாள் காலை ஓரெஸ்டின் வீட்டு வாசலில் மூன்று வீட்டிலிருந்து சுட்ட ஆப்பிள் பை பலகாரம் வந்து உட்கார்ந்திருந்தது. டேனின் சட்டையிலிருந்து கேப்டனைக் குறிக்கும் 'C' எழுத்தைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். முடிதிருத்துபவர் அவன் தாடியைத் தொட மறுத்துவிட்டார். காபிக் கடையில் அவனுக்கு மட்டும் காகிதக் கோப்பை. அவன் வாய் வைத்த பீங்கானை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதாம். அவன் அதிலேயே வாங்கிக் குடித்தான். அவன் என் கடைக்கு வந்தபோது, கேட்காமலே இரண்டு மடங்கு உருளைக்கிழங்கு வைத்தேன்.

கோடைப் பயிற்சிக்காகப் பனித்தரையை மறுபடி திறந்த சனிக்கிழமை, ஓரெஸ்டின் அறை வாசலில் வரிசை படி வரைக்கும் நீண்டிருந்தது. அம்மாக்கள், பிள்ளைகள், பயிற்சியாளர், பல் மருத்துவர்கூட. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரெஸ்டிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் டேன். அவனுக்கும் முன்னால் நின்றவளுக்கும் நடுவே ஒரு கார் நிறுத்தலாம்.

ஓரெஸ்ட் தலையைத் தூக்கி அந்த இடைவெளியைப் பார்த்தார். சக்கரத்தை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதும் எல்லோருடைய பேச்சும் அடங்கியது. அவர் வெளியே வந்து, வரிசையைக் கடந்து போய், டேனின் கையிலிருந்து ஸ்கேட்டை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க," என்றார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதேயில்லை. "இவன் எந்தக் கோப்பையையும் தொடல. நான்தான் தொட்டேன், எல்லா வருஷமும். என் பொண்டாட்டி அதுல மாவு வச்சா. எங்கிட்ட தீட்டிக்க இஷ்டமிருந்தா நில்லுங்க. இல்லையா, அடுத்த ஊருக்குப் போங்க."

போச்சு, திரும்பக் கிடைத்ததையெல்லாம் இந்த மனுஷன் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாரே என்று நினைத்தேன். பிறகு முன்னால் நின்ற ஒருத்தி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"பாருங்களேன்," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். "அந்தப் பயலைக் காப்பாத்த எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கிறாரு."

"தங்கமான மனுஷன்" என்றார் பல் மருத்துவர். "மாவாம்ல, மாவு! பொய் சொல்லக்கூடத் தெரியல பாவம்."

"ரெஜ், நான் நிஜத்தைத்தான்—"

"தெரியும் ஓரெஸ்ட், தெரியும்" என்று டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. டேனை நோக்கி ஒருவரும் ஓரடிகூட நெருங்கவுமில்லை. ஓரெஸ்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் சொன்னதை நம்பிய முகம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் டேனைப் பார்த்தார்.

"விடுங்க ஓரெஸ்ட்" என்றான் டேன் மெதுவாக. "எனக்குக் காகிதக் கோப்பை பழகிடுச்சு. நீங்க தீட்டுங்க."

ஓரெஸ்ட் அவன் முழங்கையைப் பிடித்து, வரிசை முழுவதையும் தாண்டி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். தன் நாற்காலியில் அவனை உட்கார வைத்தார். பிறகு நின்றபடியே அவன் ஸ்கேட்டைத் தீட்டத் தொடங்கினார். சக்கரம் அலறியது. டேன் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். ஓரெஸ்ட் தலையாட்டவில்லை. சக்கரத்தை நிறுத்திவிட்டு, "என்ன சொன்ன? மறுபடி சொல்லு" என்றார்.