யன்னலோரத் தனி மேசை

யசிந்தா ரீச்சரின் வகுப்பில் ஒரு பிள்ளை அழ நினைத்தாலும் அழுது முடிக்க நேரம் கிடைக்காது. உதடு கோணும்போதே ரீச்சர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். அவருடைய கைப்பைக்குள் ஊசி, நூல், சீப்பு, மாற்றுக் காலுறை, விசுக்கோத்து எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணக் கடலோரம், குருநகரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அது. பிள்ளைகளில் அநேகர் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள். விழுந்தாலும் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடியவர்கள்.

"பிள்ளையள் தாங்களாய் விழுந்து எழும்பவும் பழகட்டும் ரீச்சர்" என்று அதிபர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"விழட்டும் சேர், நான் மறிக்கேல்லை. கீழை பாயை விரிக்கிறன், அவ்வளவுதான்."

சிறுவர் உளநலப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தபின் ரீச்சரின் அக்கறை இன்னும் முற்றிவிட்டது. வகுப்பு வாசலில் ஒரு மட்டை தொங்கியது. அதில் சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் என்று வரைந்திருந்தார். காலையில் வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய உடுப்புக் கிளிப்பைத் தன் மனநிலைக்கு ஏற்ற முகத்தில் கொளுவ வேண்டும். முக்கால்வாசிப் பேர் தினமும் கோபமாக இருந்தார்கள். ரீச்சர் நித்திரையின்றிக் கவலைப்பட்டு, கடைசியில் ஜெறோமை விசாரித்தார். கோப முகத்துக்குத்தான் வடிவான சிவப்பு அடித்திருக்கிறது என்றான் அவன்.

இந்த வகுப்புக்குத்தான் கோபிகா வந்து சேர்ந்தாள். தகப்பன் குகதாசனுக்கு ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் வேலை கிடைத்து, குடும்பம் கொடிகாமத்திலிருந்து வந்திருந்தது. கோபிகாவுக்கு நெற்றி நிறையத் திருநீறு, இரட்டைப் பின்னல், கேட்டால் மட்டும் பதில்.

திருநீற்றைக் கண்டதும் ரீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் வாரத்தில் பல நாள் மீன். மற்றப் பிள்ளைகளின் சோற்றுக் கோப்பையிலிருந்து முள் பறந்து இந்தப் பிள்ளையின் சோற்றில் விழுந்தால் அதன் மனம் என்ன பாடுபடும்? யன்னலோரம் ஒரு தனி மேசை போட்டு, பூப்போட்ட துணி விரித்து, யோகட் கோப்பையில் ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தார். சோயாக் கறிக்கு வேறு சட்டி வேண்டும் என்று, சமைக்கும் பிரியந்தினியிடம் சொன்னார். பிரியந்தினி ஜெறோமின் தாய். சின்ன வயதில் ரீச்சரிடமே படித்தவள் என்பதால் அவரிடம் பயமில்லாதவள்.

"அது மீன் தின்னாதெண்டு ஆர் சொன்னது ரீச்சர்?"

"ஆரும் சொல்ல வேணுமே? சைவப் பிள்ளை."

"என்ரை மனுசனிட்டைப் பாரை மீன் வாங்கிற ஆக்களிலை அரைவாசிப் பேர் திருநீறு பூசின ஆக்கள்தான்."

"நீ சட்டியைக் கழுவு பிள்ளை."

கோபிகா தனி மேசையில் சோயாக் கறியைச் சத்தமின்றிச் சாப்பிட்டாள். தினமும் சிரித்த முகத்தில் கிளிப்பைக் கொளுவினாள். ரீச்சர் அதிபரைக் கூட்டிவந்து அந்தக் கிளிப்பைக் காட்டினார். சில கிழமைகளில், சாப்பாட்டு மணி அடித்தால் அவளுக்கு வயிற்றுக்குத்து வரத் தொடங்கியது. பிறகு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

ரீச்சர் ஒரு சீப்புக் கதலிப்பழத்தை ஸ்கூட்டியில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு தேடிப் போனார். குகதாசன் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளையைத் திரும்பக் கொடிகாமத்துக்கு விடப்போறம் ரீச்சர். பெரியம்மா வீட்டிலை நிண்டு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."

"தாய் தேப்பனை விட்டோ? ஏன் தம்பி? என்ரை வகுப்பிலை சந்தோசமா இருக்கிறது அவள் ஒராள்தானே!"

குகதாசன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "குறை நினையாதேங்கோ ரீச்சர். சாப்பாட்டிலை ஏன் பிள்ளையைப் புறம்பா இருத்தினீங்கள்?"

யாழ்ப்பாணத்தில் அது சின்னக் கேள்வி இல்லை. சாதி பார்த்து யார் யாரைப் பந்தியில் புறம்பாக இருத்தினார்கள் என்பதை இங்கே எவரும் மறந்ததில்லை. அதனால்தான் குகதாசன் இத்தனை நாள் அதைக் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ரீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஐயோ தம்பி, மீன் மச்சம் படக்கூடாதெண்டெல்லோ அப்பிடிச் செய்தனான்!"

குசினிக்குள் மீன் பொரியும் சத்தம் கேட்டது. வாசலில் ஏறும்போதே ரீச்சருக்கு அந்த மணம் வந்ததுதான். பக்கத்து வீடு என்று முடிவுகட்டியிருந்தார்.

"எங்களுக்கு வெள்ளிதான் விரதம்" என்றார் குகதாசன். "மற்ற நாளிலை அவளுக்கு மீனெண்டால் உயிர்."

கதவுச் சீலைக்குப் பின்னால் இரட்டைப் பின்னல் தெரிந்தது.

"ஏன் பிள்ளை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"எனக்குப் பேன் எண்டு நினைச்சன்" என்றாள் கோபிகா. "பேன் இருக்கிற ஆக்களைத்தான் தனிய இருத்திறதாம். ஜெறோம் சொன்னவன்."

"அதுதானோ நெடுகத் தலையைப் பாக்கச் சொல்லி அழுதனீ?" என்று தாய் அகப்பையோடு வெளியே வந்தாள்.

"அப்ப ஏன் சிரிச்ச முகத்திலை கிளிப்பைக் கொளுவினனீ?" என்றார் ரீச்சர்.

"உங்களுக்கு அதுதானே விருப்பம் ரீச்சர்."

கைப்பைக்குள் இதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"பிழை என்ரை, பிள்ளை" என்றார் ரீச்சர். "உன்னிலை ஒரு குறையும் இல்லை."

குகதாசன் யோசித்தார். "இந்தக் கிழமை வந்து பாக்கட்டும் ரீச்சர். சரிவராட்டில் ஞாயிறு கொண்டுபோய் விடுறன்."

மறுநாளைக்கு ரீச்சர் ஒரு வரவேற்புப் பாட்டும், கைகோத்து நிற்கும் விளையாட்டும், வண்ணத் தொப்பியும் தயார் செய்தார். பிரியந்தினி தொப்பியைப் பார்த்தாள். "என்ன ரீச்சர், கலியாணமே? சும்மா விடுங்கோ."

ரீச்சருக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம் சும்மா விடுவது. ஆனாலும் விட்டார். கோபிகா வரிசையின் கடைசியில் இருந்து மீன் கறியோடு சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த ஜெயனி மட்டும் கொஞ்சம் அரக்கி இடம் கொடுத்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். ரீச்சர் கையைப் பிசைந்துகொண்டு தூரத்தில் நின்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரியந்தினி மறதியில் கோபிகாவின் கோப்பையிலும் ஒரு துண்டு மீனை வைத்துவிட்டாள்.

"எனக்கு இண்டைக்கு வேண்டாம். வெள்ளி."

வரிசை முழுவதும் திரும்பியது.

"அப்ப உந்த மீன் ஆருக்கு?" என்றான் ஜெறோம்.

அவ்வளவுதான். கோபிகாவுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஆளையாள் இடித்தார்கள். ஒரு கோப்பை கவிழ்ந்தது. ஜெறோம் ரீச்சரிடம் ஓடி வந்தான்.

"ரீச்சர், என்னை அதிலை இருக்க விடச் சொல்லுங்கோ!"

நல்லதொரு முறை வைத்துப் பிரித்துக் கொடுக்க ரீச்சரின் வாய் உன்னியது. அதை மூடிக்கொண்டு, "மீன் அவளின்ரை. அவளைக் கேள்" என்றார்.

கோபிகா அவசரப்படவில்லை. மீன் துண்டைப் பார்த்தாள். ஆட்களைப் பார்த்தாள்.

"இண்டைக்கு ஜெயனி. ஜெறோம், உனக்கு வாற வெள்ளி."

"வாற வெள்ளி நீ வருவியோ?"

"வராமல் பின்னை?" என்று கோபிகா துண்டை ஜெயனியின் கோப்பைக்குத் தள்ளினாள்.