அவர் கேட்காத விலை

ஆடி மூன்று, காலை ஆறேகால் மணி, மேலகரத்தில் சாரல். ஸ்வீடனில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் திரும்பியிருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், முறுக்கிய நரைமீசை. யார் நல்ல செய்தி சொன்னாலும் “எம்புட்டு குடுத்திய?” என்பார். என் பேத்திக்கு டாக்டர் படிப்பு கிடைத்தபோதும் அதையே கேட்டார். பழிவாங்கத்தான், அவர் ஆசைப்பட்ட இலஞ்சித் தென்னந்தோப்பை அவர் இல்லாதபோது வாங்கினேன்.

“அந்தத் தோப்பு இப்ப என் பேர்லவே!”

“வா ரூலிட்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப சந்தோசம்னு அர்த்தம் அண்ணாச்சி. நல்ல சேதிக்கு அங்கன இம்புட்டுதான் சொல்லுதாவ. மேக்கொண்டு கேக்க மாட்டாவ.”

“வெலைகூட கேக்கலியாவே?”

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி?”

மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உண்மையாகவே மகிழ்ந்தாரா, தெரியவில்லை. இன்றுவரை அவர் கேட்கவில்லை. பத்திரச் செலவோடு இருபத்தேழு லட்சத்து நாற்பதாயிரம்.