ஏழடி நாலு அங்குலம்

தையல்காரருக்கு ஆளை ஒரு பார்வை பார்த்தே இடுப்பளவு சொல்லத் தெரியும். மொட்டை மாடிப் பந்தலில் தொங்கிய புடலங்காய் விஷயத்தில் மட்டும் அவர் தன் கண்ணை நம்பவில்லை. தினமும் காலையில் காம்பருகே டேப்பின் நுனியைத் துணி கிளிப்பால் கவ்வ வைத்துவிட்டுக் கீழே இழுப்பார். அறுபது அங்குலத்தில் டேப் தீர்ந்துவிடும். அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். முன்பெல்லாம் மேல்நுனியைப் பிடிக்கத் தம்பி இருந்தான்.

தம்பி எங்கேயும் போய்விடவில்லை. அதே வீட்டில், மாடிப்படி திரும்பும் இடத்தில்தான் அவன் அறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீளக்காய்ப் போட்டிக்குப் படிவம் நிரப்பியவன் அவன்தான். 'வளர்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டான். முதல் பரிசுக் கோப்பையிலும் அந்தப் பெயரே ஏறியது. விதை ஊன்றியது, காய் நேராக இறங்க நுனியில் கல் கட்டியது எல்லாம் அண்ணன்.

"ஒரு பேருக்குத்தான்ணே இடம் இருந்துச்சு."

"அப்ப உன் பேருதான் ஞாபகம் வந்துச்சா?"

அன்றோடு பேச்சு நின்றது. என்ன பெரிய புடலங்காய் என்று தெருவே சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

கடைக்கு வருகிறவர்கள் கை நீளம் பேசுவார்கள், தொடை இறுக்கம் பேசுவார்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்க ஆளில்லை. தனக்கென்று ஏதோ சமைத்து, அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிடுவார். பேச வேண்டும்போல் இருந்தால் மாடிக்குப் போய்க் காயிடம் பேசுவார். இந்தத் தடவை கோப்பையில் தன் பெயர் ஏற வேண்டும், அதைத் தம்பி பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

போட்டியன்று காலை காய் எண்பத்தெட்டு அங்குலம். ஏழடி நாலு. பழைய காயைவிட ஒரு சாண் கூட. பத்து மணிக்குள் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தனை நீளக் காயை ஒற்றை ஆள் தூக்கினால் நடுவில் முறிந்துவிடும். அது அவருக்குத் தெரியாததா? துணி வெட்டும் மேசையின் பலகையைக் கழற்றி, காயை அதில் கிடத்தி, நாடாவால் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

திருப்பத்தில் பலகை சுவரில் முட்டியது. பின்னால் போனார், சாய்த்துப் பார்த்தார், அசையவில்லை. தம்பியின் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'டேய்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். நுனி நாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பலகையை ஒரு பக்கமாகத் தூக்கினார். நாடா நழுவியது. காய் சரிந்து படியில் விழுந்து, மளுக்கென்று இரண்டாக முறிந்தது.

உடனே கதவு திறந்தது. தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். முன்பு காயைத் தூக்கிப்போக இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்த பழைய போர்வை, மடித்தபடி அவன் கையில் இருந்தது.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு ஆறு மணியிலேருந்து செருப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேண்ணே."

தையல்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காய் போனது கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இவன் இத்தனை நேரம் காத்திருந்தானே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பலகை இன்னும் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது.

"அந்த முனையைப் பிடிடா," என்றார்.